எங்கள் வீட்டில் இப்படி

யூதர்களைப் பற்றி ஓரிக்கையில் உட்கார்ந்துகொண்டு எழுதுவானேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். காஞ்சீபுரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் தறிச் சத்தம் உண்டு, மஹா பெரியவரின் மணிமண்டபம் உண்டு, பாலாற்றுக் காற்று உண்டு. யூதர் ஒருவர்கூடக் கிடையாது. விஷயம் எனக்கு வந்து சேர்ந்தது என் பேத்தியின் மூலமாக.

என் பெண் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குடித்தனம் செய்கிறாள். அவள் மகளுக்கு வயது 15. ஞாயிற்றுக்கிழமைதோறும் செல்போனில் முகம் பார்த்துப் பேசுவோம். வழக்கமாக, "சாப்பிட்டாயா பாட்டி?" "ஆயிற்று, நீ?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே, "பாட்டி, நாம் ஏன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றுகிறோம்?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை என்றால் விளக்கேற்ற வேண்டியதுதான். இதென்ன கேள்வி?"

"அவர்களும் ஏற்றுகிறார்கள், பாட்டி! பொழுது சாய்வதற்கு முன்னால், வீட்டு அம்மாதான் ஏற்றுவாளாம்."

'அவர்கள்' யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த ஊரில் யூத சமூக உறவுக் குழு 1992-ல் ஆரம்பித்த ஏற்பாடு அது. 'ஸ்டூடண்ட் டு ஸ்டூடண்ட்' என்று பெயர். மாணவருக்கு மாணவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூதப் பிள்ளைகள் அதிகம் இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் யூத மாணவ மாணவிகள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து போகிறார்கள். மதகுரு வருவதில்லை, பெரிய படிப்பாளி வருவதில்லை. 16, 17 வயசுப் பிள்ளைகள் தங்கள் வயசுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, தங்கள் வீட்டு நடப்பைச் சொல்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்களும் அல்ல. ஒரு வீட்டில் ஆசாரம் வெகு கெட்டி. இன்னொரு வீட்டில் நடுத்தரம். மற்றொரு வீட்டில் தளர்த்தி. அதையும் அவர்களே சொல்லிவிடுவார்களாம். இந்த ஏற்பாடு இப்போது வேறு நகரங்களுக்கும் பரவியிருக்கிறது. ஸ்விட்ஸர்லாந்தில் 2002-ல் இதே மாதிரி ஒன்று தொடங்கி, 'லிக்ராத்' என்று பெயர் வைத்தார்கள். எபிரேய மொழியில் 'ஒருவரை நோக்கி' என்று அர்த்தமாம். நல்ல பெயர்.

பேத்தியின் வகுப்புக்கு இரண்டு பெண்களும் ஒரு பையனும் வந்தார்கள். ஒரு பெண் துணிப்பையிலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். சடை பின்னுவது போலப் பின்னிச் சுட்ட ரொட்டி. அதற்கு 'ஹல்லா' என்று பெயர். ஊதுவதற்கு ஓர் ஆட்டுக் கொம்பு. உச்சந்தலையில் வைக்கிற சின்னக் குல்லாய். நாலு மூலையிலும் நூல் முடிச்சுகள் தொங்கும் பிரார்த்தனைச் சால்வை. வாசல் நிலையில் பதிக்கிற ஒரு சிறு கூடு; அதற்குள்ளே தோல் சுருளில் அவர்களுடைய வேத வாக்கியம் எழுதி வைத்திருக்கும். உள்ளே நுழையும்போது அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்களாம். நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் சமையலறைச் சமாசாரம். பன்றி, நண்டு, இறால் கிடையாது. பாலும் மாமிசமும் சேரவே கூடாது. அதற்குப் பாத்திரம் தனி, இதற்குத் தனி. கெட்டி ஆசார வீட்டுப் பெண் சொன்னாளாம்: "என் சிநேகிதி ஒரு நாள் பால் கரண்டியை எடுத்து மாமிசக் குழம்பில் விட்டுவிட்டாள். அம்மா வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!" வகுப்பே கொல்லென்று சிரித்ததாம். எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்துவிட்டது.

வசந்த காலத்தில் பஸ்கா பண்டிகைக்கு முன்னால் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வார்கள். கோதுமை போன்ற தானியங்களில் செய்த புளித்த பண்டம் ஒரு துளி இருக்கக் கூடாது. நம் போகி என்ன போகி, அவர்கள் மூலை முடுக்கெல்லாம் விளக்கை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள்!

இதெல்லாம் முடிந்து கேள்வி நேரம் வந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு பையன், "நீங்களெல்லாம் பெரிய பணக்காரர்களாமே?" என்று கேட்டான். வாத்தியாரம்மா முகம் சிவந்து எழுந்துவிட்டாள். வந்திருந்த பையன், பரவாயில்லை என்று கையமர்த்தினான். "என் அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். வீட்டுக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது" என்றான். பிறகு மெதுவாக, "போன வருஷம் என் முன்னால் ஒருவன் தரையில் காசை எறிந்து, பொறுக்கிக்கொள் என்றான். அவன் கெட்ட பையன் இல்லை. அவன் என்னைப் பற்றி யாரிடமோ கேட்டிருக்கிறான், என்னிடம் கேட்கவில்லை" என்றானாம்.

இன்னொரு பெண் தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றிச் சொன்னாள். அந்த அம்மாளுக்கு அக்காள் தங்கைகள் மூன்று பேர். ஹிட்லர் ஆட்சியில் பிடித்துக்கொண்டு போன பிறகு அவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம் என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். அது படிப்பு. கொள்ளுப்பாட்டிக்குத் தங்கைகள் இருந்தார்கள் என்பது வேறு.

அன்று சாயங்காலம் என் பெண்ணுக்குத் தெரியாத ஒன்று தெரிய வந்தது. என் பேத்தி மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடம் நெருங்கியதும் பொட்டை அழித்துவிடுவாளாம். புளியோதரை கட்டிக் கொடுத்தால் அதைத் தொடாமலே திருப்பிக் கொண்டு வந்து, பசிக்கவில்லை என்பாளாம். யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஒரே ஒரு நாள்; அதற்கு மூன்று வருஷம்! வகுப்பு முடிந்ததும் அந்தக் கரண்டிப் பெண்ணை வழிமறித்து, "எல்லாருக்கும் முன்னால் இப்படி நிற்கப் பயமாக இல்லையா?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கலக்கும். ஆனால் நான் சொல்லாவிட்டால் என்னைப் பற்றி வேறு யாராவது சொல்லிவிடுவார்களே!" என்றாள் அவள். கூடவே ஒரு யுக்தியும் சொல்லிக் கொடுத்தாள். 'எங்கள் மதத்தில் எல்லோரும் இப்படித்தான்' என்று ஆரம்பிக்கவே கூடாதாம். 'எங்கள் வீட்டில் இப்படி' என்றுதான் ஆரம்பிக்க வேண்டுமாம். அதற்கு மறுப்புச் சொல்ல உலகத்தில் யாராலும் முடியாது, பாருங்கள்.

இருவரும் சிநேகிதிகளாகிவிட்டார்கள். பாட்டி ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவள் கேட்டாளென்று பேத்தி என்னிடம் கேட்டாள். நான் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்ன பல்லவ ராஜாவுக்கு இணங்காததால், ஊரைவிட்டுப் போ என்று உத்தரவாயிற்று. சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் கிளம்பினார். அவர் சொன்ன சொல்லுக்குத் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மூவரும் அன்றிரவு தங்கிய இடம் ஓர் இரவு இருக்கை, அதுதான் ஓரிக்கை. ராஜா வந்து மன்னிப்புக் கேட்டு அழைத்துப் போனது பிற்பாடு.

இதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்னாளாம்: "எங்கள் சரித்திரத்தில் 'போ' என்று சொன்ன ராஜாக்கள் நிறைய. ஓர் இரவு இடம் கொடுத்த ஊர்களைத்தான் தேட வேண்டும்."

தேட வெகு தூரம் போக வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சுமார் 1000-ம் ஆண்டில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குப் பகல் விளக்கு, பல்லக்கு, குடை முதலிய 72 உரிமைகளைக் கொடுத்துச் செப்பேடு எழுதியிருக்கிறான். எழுத்து, நம் பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் இருக்கும் அதே வட்டெழுத்து. சென்னையில் பவழக்காரத் தெரு இருக்கிறதே, அங்கே பவழ வியாபாரம் செய்தவர்களில் யூதர்கள் உண்டு. 1492-ல் ஸ்பெயின் தேசம் யூதர்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியது. அப்படிக் கிளம்பிய குடும்பங்களில் சில கொச்சிவரை வந்து சேர்ந்தன. 1568-ல் கட்டிய அவர்களுடைய ஜெபாலயத்துக்கும், ராஜாவின் அரண்மனைக் கோயிலுக்கும் நடுவில் ஒரே சுவர்.

சென்ற டிசம்பரில் பெண்ணும் பேத்தியும் விடுமுறைக்கு வந்தபோது, மூவருமாகக் கொச்சிக்குப் பிரயாணம் போனோம். மட்டாஞ்சேரியில் யூதத் தெரு என்ற பெயர் நிற்கிறது, தெருக்காரர்கள்தாம் இல்லை. இஸ்ரேல் பிறந்த 1948-க்குப் பிறகு, முக்கியமாக 1950-களில், ஊர் ஊராகக் கப்பலேறிவிட்டார்கள். இங்கே அவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. அதுதான் விசேஷம். ஜெபாலயத்தில் நம் கோயில் மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டும். தரையெல்லாம் சீனத்து நீலப் பூ ஓடுகள். கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்களுடைய விதி. உள்ளூரில் அந்தப் பத்துப் பேர் இல்லை.

பெண்கள் விஷயம் ஒன்று எனக்கு வெகுவாகப் பிடித்தது. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திலேயே பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடியிருக்கிறார்கள். 2005-ல் அவற்றில் ஒரு தொகுதி ஜெரூஸலத்தில் அச்சாயிற்று. வைத்த பெயர் என்ன தெரியுமா? 'கார்குழலி'! கல்யாணத்தில் தாலியும் உண்டாம்.

அந்தத் தெருவில் சாரா கோஹன் என்ற அம்மாளின் பூத்தையல் கடை இருக்கிறது. 2019-ல் தமது 96-வது வயதில் அவர் காலமாகிவிட்டார். இப்போது கடையைப் பார்த்துக்கொள்பவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுற்றுலாக்காரர்களுக்குப் படத் தபால் அட்டை விற்ற சிறு பையனாக அவர் அந்த வீட்டுக்கு வந்தார். அட்டைகளை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தவர் சாராவின் கணவர் ஜேக்கப். ஆரம்பத்தில் சாராவுக்கு அவ்வளவாக இஷ்டமில்லை என்கிறார்கள். பிறகு அந்த அம்மாளே அவருக்கு ஊசி பிடிக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறார். குல்லாய் தைக்க, ரொட்டி மூடும் துணியில் எபிரேய எழுத்தைப் பூவேலையாகப் போட எல்லாம் அவருக்கு வந்துவிட்டது. முதுமையில் அந்த அம்மாளைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அவர் குடும்பந்தான். செயின்ட் லூயிஸில் யூதப் பிள்ளைகளே போய்ச் சொல்கிறார்கள். மட்டாஞ்சேரியில் சொல்லப் பிள்ளைகள் இல்லாததால், கேட்டுக்கொண்ட பிள்ளை சொல்கிறார்.

ஊர் திரும்பியதும் பேத்தி சும்மா இருக்கவில்லை. அடுத்த வீட்டுக்குக் கணக்கு டியூஷனுக்கு வரும் பிள்ளைகளை எங்கள் திண்ணையில் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். திருப்பருத்திக்குன்றத்து ஜைனப் பெண் ஒருத்தி, "எங்கள் வீட்டில் விளக்கு வைப்பதற்குள் சாப்பாடு முடிந்துவிடும், இருட்டில் பூச்சி பொட்டு விழுந்து சாகுமே" என்றாள். ஜினகாஞ்சி என்று பேர் பெற்ற இடம், கூப்பிடு தூரம். 45 வருஷமாக இங்கே இருக்கும் எனக்கு இது செய்தி! ஒரு பையன், செல்போனில் வந்த எதையோ மனசில் வைத்துக்கொண்டு, முஸ்லிம் பெண்ணிடம், "உங்கள் வீட்டில் எங்களைப் பற்றிக் கண்டபடி பேசுவீர்களாமே?" என்று கேட்டுவிட்டான். திண்ணையில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்தப் பெண் கொஞ்ச நேரம் தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பேசுவோம். உங்கள் அம்மாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தால் சொன்ன தேதிக்கு வராது என்று எங்கள் அம்மா தினம் பேசுவாள்" என்றாள். முதலில் சிரித்தது அந்தப் பையன்தான்.

உள்ளே தறியில் இருந்த என் கொழுந்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். 50 வருஷமாகப் பட்டு நெய்கிறவர். மதம், தேசம் எதிலும் சிரத்தை கிடையாது. யூதர்கள் ஒரே துணியில் ஆட்டு மயிரையும் லினன் நூலையும் கலந்து உடுத்தக் கூடாதென்று பேத்தி சொன்னபோது கையை நிறுத்திவிட்டார்.

"சரியான சட்டம்! பட்டைப் பற்றி என்ன சொல்கிறது?"

"தெரியாது, சின்னத் தாத்தா. கேட்டுச் சொல்கிறேன்."

மறுநாள் காலையில் செயின்ட் லூயிஸிலிருந்து பதில் வந்துவிட்டது. பட்டுக்குத் தடை இல்லை.

"அப்படியானால் அந்த நாலு மூலைச் சால்வைக்கு நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு என்று கேள், கண்ணு. முடிச்சை அவர்களே போட்டுக்கொள்ளட்டும். துணி என் பொறுப்பு" என்றார்.

அளவு வந்துவிட்டது. வெள்ளைப் பட்டு என்பதும் தீர்மானம். கரையில் ஜரிகை வேண்டுமா வேண்டாமா என்பதில்தான் அந்தப் பெண்ணுக்கும் என் கொழுந்தனாருக்கும் இன்னும் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.