படமும் பதாகையும்

செய்தித்தாள் அலுவலகங்களுக்கு ஒளிப்படங்கள் காகிதத்தில் அச்சாகி வந்த காலத்தில், ஒவ்வொரு படத்தின் முதுகிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எடுத்தவர் யார் என்ற மூன்று விபரங்களும் அதில் இருந்தாக வேண்டும். சீட்டில்லாத படம் எத்தனை உருக்கமானதாயினும் ஆசிரிய பீடத்தைத் தாண்டி அச்சுக்குப் போகாது. இன்று கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் படங்களுக்கு முதுகே இல்லை. அதிலும் வாயில்லாச் சீவன்களை வதைக்கும் படமென்றால், கேள்வி கேட்பதே பாவம் என்ற மனநிலை நமக்கு வந்துவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் அவ்வாறானதொரு படத்தை எனக்கு அனுப்பியிருந்தார். நுகத்தோடு தரையில் சரிந்து கிடக்கும் ஒரு வெள்ளைக் காளை. அதன் தோளில் இரத்தம். சுற்றிலும் சிரித்தபடி இளைஞர்கள். மன்னார் அடம்பனில் நடந்த மாட்டுவண்டிச் சவாரி இதுவென்றும், அனுசரணை வழங்கிய நிறுவனத்தைப் புறக்கணிக்க வேண்டுமென்றும் கீழே எழுதி, மன்னார் நகரத்துக் கடையொன்றின் தொலைபேசி இலக்கத்தையும் தந்திருந்தார்கள். நண்பர் எனக்கு இட்ட கட்டளை ஒரே சொற்றொடர்தான்: ‘உடனே எழுது.’

அடம்பன் நான் நன்கு அறிந்த ஊர். கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளையும் வெளி அது. அங்கே எந்த வரம்பில் ஏறி நின்று பார்த்தாலும் தொடுவானம் வரை தட்டையான நிலந்தான் தெரியும். படத்திலோ காளைக்குப் பின்னால் ஒரு மலைத்தொடர் நீண்டு கிடந்தது. ஓரத்தில் தெரிந்த கடையின் பெயர்ப்பலகை தேவநாகரி எழுத்தில் இருந்தது. இவ்விரண்டையும் குறிப்பிட்டு நண்பருக்கு எழுதினேன். ‘ஊர் எதுவானால் என்ன, வதை வதைதானே?’ என்று மறுமொழி வந்தது.

நியாயமான கேள்வி போலவே தோன்றும். ஆனால் ஊர் எதுவென்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் கேரளத்து யானையின் கதை காட்டுகிறது. 2020ஆம் ஆண்டு மே 27ஆம் திகதி, பாலக்காடு மாவட்டத்தின் வெள்ளியாற்றில் நின்றவாறே கருவுற்ற காட்டு யானையொன்று இறந்தது. வெடிமருந்து வைத்த உணவைக் கடித்ததில் அதன் வாய் சிதைந்திருந்தது. யானை ஆற்றில் நின்ற படம் உண்மை. அதன் வேதனையும் உண்மை. ஆனால் படம் பயணப்பட்ட வேகத்தில் இரண்டு பொய்கள் அதனோடு ஒட்டிக்கொண்டன. யாரோ வேண்டுமென்றே யானைக்கு அன்னாசிப் பழத்தை ஊட்டினார்கள் என்பது ஒன்று. சம்பவம் நடந்தது மலப்புறத்தில் என்பது மற்றொன்று. விலங்குகளுக்காக நெடுங்காலம் குரல்கொடுத்து வரும் மேனகா காந்தியே மலப்புறத்தைச் சாடினார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அம்மாவட்டத்தின் மீது சில நாட்கள் வசைமாரி பொழிந்தது. காட்டுப்பன்றிகளை விரட்டவும் கொல்லவும் உணவுக்குள் வெடி வைக்கும் வழக்கமே யானையைக் கொன்றது என்பதைப் பின்னர் விசாரணை காட்டிற்று. ஒரு சமூகத்தின் மீதான கோபத்தில் அந்த வழக்கம் மறைந்துபோனது. ஊரைப் பிழையாக எழுதினால் பரிகாரமும் பிழையான வாசலில் போய் நிற்கும்.

அடம்பன் பெயரில் வந்த படமும் அதையே செய்தது. வெளிநாட்டு அழைப்புகளால் திணறிய அந்தக் கடைக்காரர் அடுத்த ஆண்டு அனுசரணையிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். சவாரி நிற்கவில்லை. வேறு சிலர் சேர்ந்து பரிசுப் பணத்தைத் திரட்டினார்கள். நின்றுபோனவை, திடலில் கால்நடை வைத்தியர் ஒருவர் இருப்பதற்கான ஏற்பாடும் மாடுகளுக்கான தண்ணீர்ப் பவுசருமே. அவை இரண்டும் அந்தக் கடைக்காரரின் பணத்தில் நடந்தவை.

நம்மூர்ச் சவாரியில் வதையே இல்லையென்று நான் வாதிட வரவில்லை. மன்னாரிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சவாரி பார்த்தவர்களுக்குத் தெரியும், சிலருடைய துவரங்கம்பின் நுனியில் ஆணி இருக்கும். கடைசி நூறு யாரில் அந்த ஆணி மாட்டின் பின்புறத்தில் இறங்கும். வாலை முறுக்குபவர்களும் உண்டு. இதைச் சுட்டிக்காட்ட முற்பட்ட இளைஞர் ஒருவரிடம் ஏற்பாட்டாளர் ஒருவர், ‘அந்தப் படத்தைப் போல இதுவும் கட்டுக்கதைதானே’ என்றார். பொய்ப் படம் செய்யும் மிகப்பெரிய தீங்கு இதுதான். உண்மையாகக் குற்றம் இழைப்பவனுக்கு அது தப்பிச் செல்ல வழி திறந்துவிடுகிறது.

சவாரி மாடு வளர்க்கும் முதியவர் ஒருவருடன் இதுபற்றிப் பேசினேன். 2008இல் போர் அப்பகுதிக்கு வந்தபோது தொழுவத்து மாடுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டு நடந்தவர் அவர். மீள்குடியேறிய பின்னர், வீட்டுக்குக் கூரை போடுமுன்பே ஒரு சோடி நாம்பன்கள் வாங்கினார். ‘தம்பி, நல்ல மாட்டுக்கு ஆணி தேவையில்லை. குரல் குடுத்தாலே பறக்கும். ஆணி வைச்சிருக்கிறவன் தன்ர மாட்டை நம்பாதவன்’ என்றார். அந்தப் படத்தையும் அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘இது எங்கட ஊரெண்டே உலகம் முழுக்கச் சொல்லுது?’ என்று மட்டும் கேட்டார்.

சட்டத்தை நம்பலாமா? இலங்கையில் மிருகவதைத் தடுப்புக்கான கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. அது விதித்த உச்ச அபராதம் நூறு ரூபா. அக்காலத்தில் அது பெருந்தொகை. சட்டம் பல்லிழந்து கிடக்கும் இடத்தில், பணம் தருபவரின் சொல்லுக்கே வலு அதிகம். ஆகையால்தான் அனுசரணையாளரின் பொறுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பதாகையில் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்பவர், அந்தப் பதாகையின் கீழ் நடப்பவற்றுக்கும் பொறுப்பாளிதான். ஆனால் ஏதோவொரு படம் பரவியதும் பதாகையைச் சுருட்டிக்கொண்டு போவது பொறுப்பாகாது. பார்க்காமல் கொடுத்த பணத்தைப் பார்க்காமலே நிறுத்துவது அது.

2007இல் நிகராகுவா நாட்டின் மனாகுவா நகரில், கில்லேர்மோ வார்காஸ் என்ற கலைஞர் மெலிந்த தெருநாயொன்றைக் காட்சிக்கூடத்தில் கட்டிவைத்தார். அந்த நாய் பட்டினியால் செத்தது என்ற செய்தியுடன் படங்கள் உலகைச் சுற்றின. இலட்சக்கணக்கானோர் கண்டன மனுவில் கையொப்பமிட்டனர். நாய்க்கு உணவு கொடுக்கப்பட்டது, நாளுக்குச் சில மணி நேரமே கட்டப்பட்டிருந்தது, பின்னர் அது தப்பியோடிவிட்டது என்று காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் கூறினார். அச்சுவரில் நாய்த்தீனியால் எழுதப்பட்டிருந்த வாசகம், வாசிப்பதெதுவோ அதுவே மனிதன் என்று பொருள்படுவது. பத்திரிகையாளனாகிய எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்த ஆரவாரத்தின் நடுவே ஒரு பயனுள்ள காரியமும் நடந்தது. உலக விலங்குப் பாதுகாப்புச் சங்கம் விசாரித்துப் பார்த்து, கிடைத்த தகவல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கண்டது. எனினும் அத்தோடு விட்டுவிடவில்லை. அக்கலைஞர் அடுத்துப் பங்கேற்கவிருந்த ஹொண்டுராஸ் கண்காட்சியின் அனுசரணையாளர்களைச் சந்தித்து, அங்கே எந்த விலங்கும் துன்புறுத்தப்படாதிருக்க வழி தேடியது. நடந்தது என்னவென்று தெளிவாகாத நிலையிலும், இனி நடக்கப்போவதற்கு ஒரு நிபந்தனையை உருவாக்க முடியும் என்பதே நான் அதில் கற்ற பாடம்.

தமிழ்நாட்டின் சல்லிக்கட்டிலும் இதற்குப் பாடம் உண்டு. 2014 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2017இன் பெரும் போராட்டத்தின் பின்னர் வந்த சட்டத் திருத்தத்தோடு விதிமுறைகளும் வந்தன. வாடிவாசலுக்கு வருமுன் காளைகளைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2023 மே 18இல் நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. விதிகள் எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பேணப்படுகின்றனவா என்பது வேறு கேள்வி. ஆனால் ‘வேண்டும்’ ‘வேண்டாம்’ என்ற கூச்சல்களுக்கு நடுவே ‘எப்படி’ என்ற கேள்விக்கும் இடம் கிடைத்தது.

படங்களையே வெறுப்பவனல்லன் நான். 2019 ஓகஸ்டில், கண்டிப் பெரகராவில் நடந்த டிக்கிரி என்ற எழுபது வயதுப் பெண் யானையின் எலும்பும் தோலுமான உடலை, அலங்கார ஆடை விலகிய நிலையில் உலகம் கண்டது. ஊரும் நாளும் தெரிந்த படம் அது. அதனால்தான் பொறுப்பானவர்கள் பதில் சொல்ல நேர்ந்தது. அடுத்த மாதம் டிக்கிரி இறந்துவிட்டது.

கடந்த முறை மன்னாருக்குப் போயிருந்தபோது அந்தக் கடைக்காரரைச் சந்தித்தேன். சவாரிக் குழுவினர் மீண்டும் உதவி கேட்டு வந்திருப்பதாகவும், கொடுப்பதா விடுவதா என்று புரியவில்லை என்றும் சொன்னார். கொடுங்கள், ஆனால் நிபந்தனையோடு கொடுங்கள் என்றேன். கம்பில் ஆணி கூடாது. ஆணியோடு பிடிபட்ட சோடிக்குப் பரிசில்லை. கால்நடை வைத்தியர் வரும்வரை முதல் வண்டி புறப்படக்கூடாது. மாடுகளுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். காசு பாதி முன்னால், மீதி சவாரி முடிந்த பின்னால்.

‘அதை ஒரு தாளில் எழுதித் தாங்கோ, ஐயா. நான் கையெழுத்து வாங்கிக் கொள்ளுறன்’ என்றார். கடைக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தார். எழுதிக் கொடுத்தேன்.