கேடியின் கைப்பிடி

நமது மாமனார் சிறு வயதில் ஒரு கேடியாக இருந்தவர். நேயர்கள் பதறிப்போய்ப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட வேண்டாம்! போலீஸ் ஸ்டேஷன் சுவரில் படம் ஒட்டப்படும் கேடி அல்ல. கோல்ப் விளையாட வரும் கனவான்களின் கோல் மூட்டையைத் தோளில் சுமந்து பின்னாலேயே நடக்கும் பையன்களுக்கும் இங்கிலீஷில் அதுதான் பெயர். அவர் சுமந்தது கோடைக்கானல் மைதானத்தில். 1895-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட கிளப் அது. இன்றைக்கும் அங்கே காட்டெருமைகள் புல் மேய வருவதும், ஆட்டக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கி நிற்பதும் உண்டு.

1950-களின் கடைசியில், தாய்நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அந்தக் கேடிப் பையனுக்கு ஒரு கோலைக் கொடுத்துவிட்டுப் போனார். பந்தைக் குழிக்குள் மெதுவாக உருட்டி விடுவதற்கான கோல். பையன் வளர்ந்து தபாலாபீஸ் உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் வாங்கி, எண்பது வயதைத் தாண்டி, இப்போது திண்டுக்கல்லில் நம்முடன் இருக்கிறார். கோலும் இருக்கிறது.

தினந்தோறும் மாலையில் தாழ்வாரத்தின் ஒரு கோடியில் பித்தளை டம்ளரைப் படுக்க வைப்பார். மறு கோடியிலிருந்து பத்துத் தடவை பந்தை உருட்டுவார். "மாப்பிள்ளை, இன்றைக்கு ஏழு!" என்று சமாசாரம் வரும். அந்த ஏழு சென்ற வருஷம் ஐந்தாயிற்று, பிறகு இரண்டாயிற்று. ஒரு நாள் கோல் கையை விட்டு நழுவித் தரையில் விழுந்தது. மறுநாள் அது பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது. கேட்டால், "வெயில் ஜாஸ்தி" என்றார். அது மார்கழி மாதம்!

கோலை எடுத்துப் பார்த்தோம். பழைய காலத்துத் தோல் பிடி. நீண்ட தோல் வாரைச் சாய்வாகச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். கோடைக்கானல் மேகத்தில் நனைந்து பழகிய அந்தத் தோல் திண்டுக்கல் வெயிலில் காய்ந்து, மரக்கட்டையைப் போல் இறுகி, வழவழவென்று ஆகிவிட்டது. இவருடைய விரல் கணுக்களோ வீங்கியிருக்கின்றன. இறுக்கி மடக்க முடிவதில்லை.

திண்டுக்கல்லில் தோலுக்கா பஞ்சம்? ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் கடல் கடந்து போன ஊர் இது. (அதற்குச் சுற்று வட்டாரத்துக் கிணறுகள் கொடுத்த விலை வேறு கதை.) பேகம்பூர்ப் பக்கம் தோல் கடையில் விசாரித்தோம். கடைக்காரப் பாய் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோல் சுற்றிக் கொடுக்கலாம், வாத்தியார் ஐயா. ஆனால் இதே பருமன்தான் வரும். பெரியவருக்குத் தடிமனான பிடியல்லவா வேண்டும்?" என்றார். டாக்டரும் அதையேதான் சொன்னார். பிடி பருத்திருந்தால் விரல்களை அவ்வளவு மடக்க வேண்டியதில்லையாம். சைக்கிள் கடையில் ஒரு கைப்பிடி வாங்கிப் போட்டுப் பார்த்தோம். கோவில் மணியின் நாக்கைப் போல் உள்ளே ஆடிற்று. கடைசியில் பருமனான ரப்பர்ப் பிடி ஒன்றைத் தபாலில் வரவழைத்தோம்.

பழைய தோலை அறுக்கக் கத்தியை எடுத்ததும் நமக்குக் கை வரவில்லை. கட்டை விரல் அழுந்தி அழுந்தி அதில் ஒரு பள்ளம் இருந்தது. அறுபது வருஷத்துப் பள்ளம்!

"என்ன மாப்பிள்ளை, ஆபரேஷன் டாக்டர் மாதிரி நிற்கிறீர்கள்? கொடுங்கள் இப்படி" என்று கத்தியை வாங்கி, அவரே நீளவாக்கில் ஒரு கீறுக் கீறினார். தோல் உரிந்து வந்தது. உள்ளே கறுத்த துணிச் சுற்று. அதற்கும் உள்ளே பளபளக்கும் எஃகுத் தண்டு.

இனி நமது பிரதாபம். இரு பக்கமும் ஒட்டும் டேப்பைத் தண்டின் மேல் சுற்ற வேண்டும். பிடியின் அடிப்பக்கத்துச் சிறு துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு, உள்ளே ஏதாவது கரைப்பான் திரவத்தை ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேலும் வடிய விட வேண்டும். பசை வழுக்கும் அந்தச் சில விநாடிக்குள் பிடியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட வேண்டும். திரவம் ஆவியானதும் பசை மறுபடி பிடித்துக்கொள்ளும். இருபது வருஷமாக ரசாயனம் போதிக்கும் நாம், ரேஷன் காலத்தில் மிஞ்சிய அரைப் புட்டி மண்ணெண்ணெயை ஊற்றினோம். பிடி வெகு அழகாக ஏறிற்று. மறுநாள் காலையில் தொட்டால், அதைவிட அழகாகச் சுழன்றது! மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது, எண்ணெய்ப் பசையை விட்டு வைக்கும் என்பதை நம்மிடம் படிக்கும் பையன்கூடச் சொல்லியிருப்பான். அந்தப் பிடியை அறுத்து எறிவதைத் தவிர வேறு வழியில்லை. "இன்னும் எத்தனை பிடி வாங்குவதாக உத்தேசம்?" என்று கிருஹலக்ஷ்மி கேட்டதற்கு நாம் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது பிடிக்குப் பெயிண்ட் கடை டர்பெண்டைன். அடுப்பங்கரைக்கு எட்டாத தூரத்தில், திறந்த முற்றத்தில் வைத்துச் செய்தோம். பிடி ஏறியதும் மாமனார் கோலை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இந்த வகைப் பிடிக்கு முன்பக்கம் தட்டையாக இருக்கும். அது கோலின் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும்.

"வலது பக்கம் ஒரு நூல் போயிருக்கிறது" என்று சொல்லி, பசை இறுகுமுன் இரு கையாலும் திருகினார். நமக்கு அந்த நூல் எங்கே இருந்தது என்று இதுவரையில் தெரியாது. ஆனால் வீங்கிய அந்த விரல்கள் பிடியைச் சுற்றி நன்றாகப் பொருந்தியது தெரிந்தது.

மறுநாள் முழுதும் அவர் கோலைத் தொடவில்லை, உலரட்டும் என்றார். அதற்கு மறுநாள் மாலை நாம் பரீட்சை நோட்டுகளைத் திருத்திக் கொண்டிருந்தபோது, தாழ்வாரத்தில் பித்தளை டம்ளர் கணீரென்றது. சிறிது நேரம் கழித்து மறுபடியும். நாம் மார்க்குப் போடுவதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினோம். சமையலறையிலும் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"மாப்பிள்ளை, நாலு!" என்றார்.

நாம் எண்ணிய வரையில் மூன்றுதான். ஆனால் கேடியுடன் யார் வாதாடுவது?