பெபோ என்றொரு பியானோக்காரர்

பழைய இசைத்தட்டுகளைப் பற்றி நான் எழுதிய பதிவைப் படித்துவிட்டு, என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன் செய்தார். "பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவராயிற்றே, எடித் பியாஃப் பற்றி நாலு வரியாவது எழுதியிருப்பீர் என்று பார்த்தேன், காணோமே" என்றார். பியாஃப் பிடிக்கும்தான். ஆனால் இருபது வருடமாக நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரு கியூபா நாட்டுக்காரரை. பெயர் பெபோ வால்தெஸ். பியானோ வாசிப்பவர், இசையமைப்பாளர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. எழுதாமல் தள்ளிப் போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2005-இல் பாரிசிலிருந்து லீவில் வந்த அக்கா மகன் ஒரு சிடி கொண்டுவந்தான். "மாமா, கேட்டுப் பாருங்க. வாசிக்கிறவருக்கு எண்பது வயசுக்கு மேல" என்றான். அட்டையில் ஸ்பானிய மொழியில் 'லாக்ரிமாஸ் நெக்ராஸ்' என்று போட்டிருந்தது. பிரெஞ்சு தெரிந்தவனுக்கு ஸ்பானிய மொழி பங்காளி வீட்டுப் பேச்சு மாதிரி, பாதி புரியும். கறுப்புக் கண்ணீர். தியேகோ எல் சிகாலா என்ற ஸ்பெயின் நாட்டு ஜிப்சிப் பாடகர் கரகரத்த குரலில் பாடுகிறார். கீழே பியானோ அவரைத் தாங்கிக்கொண்டே போகிறது. எங்கே பேச வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று தெரிந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தது. அன்றிரவு மூன்று முறை கேட்டேன்.

பிறகுதான் அந்தப் பெரியவர் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

பெபோ 1918 அக்டோபர் 9-ஆம் தேதி ஹவானாவுக்குப் பக்கத்தில் கிவிகான் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1940-களில் ஹவானாவின் இரவு விடுதிகளில் வாசிக்கத் தொடங்கினார். 1948-இல் அங்கே பேர்பெற்ற டிராபிகானா விடுதியில் சேர்ந்தார். மரங்களுக்கு நடுவே திறந்தவெளி மேடை, நூற்றுக்கணக்கில் கூட்டம், தினமும் பெரிய வாத்தியக் குழு. அங்கே பியானோ வாசித்தார். ரீத்தா மொந்தனேர் போன்ற பெரிய பாடகிகளுக்கு இசைக்கோர்வை எழுதிக் கொடுத்தார். எந்த வாத்தியம் எந்த இடத்தில் எதை வாசிக்க வேண்டும் என்று தாளில் எழுதித் தருகிற வேலை அது. கேட்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. பாடகிக்குத்தான் கைதட்டல்.

லத்தீன் ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாஸ் அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உண்டாக்கிய சங்கீதம். மேடையிலேயே கற்பனையாக வாசித்துக்கொண்டு போவார்கள், நம்மூர்க் கச்சேரியில் ஸ்வரம் பாடுவது போல. கியூபாவின் தாளம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. இரண்டு மரக்கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுவார்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து தட்டு, மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து வரும். இதற்குக் கிளாவே என்று பெயர். எத்தனை வாத்தியம் சேர்ந்தாலும் எல்லாம் அந்த ஐந்து தட்டுக்குள் அடங்க வேண்டும். அந்தத் தாளத்தின் மேல் ஜாஸ் கற்பனையை ஏற்றினால் லத்தீன் ஜாஸ். 1952-இல் நார்மன் கிரான்ஸ் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளருக்காக ஹவானாவிலேயே அப்படி ஒரு வாசிப்பைப் பதிவு செய்தவர்களில் பெபோ முக்கியமானவர்.

அதே ஆண்டில் 'பதாங்கா' என்று சொந்தமாக ஒரு நடனத் தாளத்தையும் உருவாக்கினார். பாதா என்பது அங்கே சாமி கும்பிடும்போது அடிக்கிற, இரண்டு பக்கமும் தோல் போர்த்திய மேளம். அதை நடனக் குழுவில் கொண்டுவந்து சேர்த்தார். பெனி மோரே போன்ற பெரிய பாடகரே அதில் பாடினார். ஆனால் அப்போது பெரெஸ் பிராதோவின் மாம்போ உலகத்தையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. பதாங்கா எடுபடவில்லை.

1959-இல் கியூபாவில் புரட்சி வந்தது. புதிய ஆட்சியோடு பெபோவுக்கு ஒத்துப்போகவில்லை. 1960 அக்டோபரில் மெக்சிகோ போனார். மனைவி, பிள்ளைகள் எல்லாரும் ஹவானாவில். பிறகு அவர் கியூபா மண்ணை மிதிக்கவே இல்லை. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின், அங்கிருந்து ஒரு குழுவோடு ஐரோப்பாவைச் சுற்றியபோது 1963-இல் ஸ்டாக்ஹோம். அங்கே ஒரு ஸ்வீடன் நாட்டுப் பெண்ணைக் கண்டு கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். இரண்டு மகன்கள் பிறந்தார்கள்.

ஸ்டாக்ஹோமில் என்ன செய்தார்? ஓட்டல்களில் பியானோ வாசித்தார். சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பவர்களுக்கு நடுவே, மூலையில் உட்கார்ந்து, கேட்ட பாட்டை வாசித்தார். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஏறக்குறைய முப்பது வருடம்.

அந்த முப்பது வருடத்தை 'தொலைந்த காலம்' என்று எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 36 வருடம் அரசாங்க ஆபீசில் குறிப்பு எழுதி, கோப்பு அனுப்பி, பென்ஷன் கணக்குப் போட்டவன் நான். நான் எழுதிய வரைவுக்குக் கீழே இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். அதற்காக நான் தொலைந்துபோனேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வீட்டில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் படித்தார்கள். பெபோவின் வீட்டிலும் அதுதானே நடந்தது? தவிர, கை சும்மா இருக்கவில்லை. தினமும் வாசித்துக்கொண்டிருந்தது.

அதனால்தான் 1994-இல் அழைப்பு வந்தபோது அந்தக் கை தயாராக இருந்தது. அமெரிக்காவில் குடியேறிய கியூபாக்காரர் பாகீத்தோ திரிவேரா, சாக்ஸபோன் வாசிப்பவர், போன் போட்டு ஜெர்மனிக்கு வந்து ஒரு தட்டுக்கு வாசிக்க முடியுமா என்று கேட்டார். பெபோவுக்கு வயது 76. புதிய மெட்டுகளைப் போட்டு, மிகக் குறுகிய அவகாசத்தில் இசைக்கோர்வைகளை எழுதி எடுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து இரண்டாவது வாழ்க்கை ஆரம்பம். 2000-இல் பெர்னாந்தோ த்ருவேபா எடுத்த 'காலே 54' படம், 2003-இல் நான் கேட்ட அந்தச் சிடி, 'பெபோ தெ கூபா' தட்டுக்கு 2006-இல் கிராமி பரிசு, 2010-இல் 'சிக்கோ அண்ட் ரீட்டா' என்ற கார்ட்டூன் படத்துக்கு இசை. நம்மில் பலர் மருந்துப் பெட்டியும் செய்தித்தாளுமாக உட்கார்ந்துவிட்ட வயதில் இதெல்லாம்.

இதோடு முடித்திருந்தால் நல்ல பதிவாகத்தான் இருக்கும். ஆனால் ஹவானாவில் விட்டுப் போன குடும்பம்?

மூத்த மகன் பெயர் சூச்சோ. அவனும் அக்டோபர் 9-இல் பிறந்தவன், 1941-இல். பையனாக இருக்கும்போதே அப்பாவின் குழுவில் பியானோ வாசித்தவன். அப்பா போனபோது அவனுக்கு 19 வயது. பின்னால் அவன் 'இராக்கேரே' என்ற குழுவைத் தொடங்கி உலகப் புகழ் பெற்றான். 1978-இல் அந்தக் குழு நியூயார்க் கார்னகி ஹாலில் வாசிக்க வந்தபோதுதான் அப்பாவும் மகனும் திரும்பச் சந்தித்தார்கள். நடுவே 18 வருடம்.

இப்போது நான் தள்ளிப் போட்ட காரணத்துக்கு வருகிறேன். நான் பிறந்தது 1950-இல். அடுத்த வருடம் என் அப்பா கப்பலேறி சைகோன் போனார். அங்கே பிரெஞ்சு சுங்க இலாகாவில் எழுத்தர் வேலை. நம்மூரில் அந்தக் காலத்தில் இது அதிசயமில்லை. தெருவுக்கு நாலு வீட்டில் சைகோன் பணம் வரும். எங்கள் வீட்டுக்கும் கொஞ்ச நாள் வந்தது. சைகோனில் பிரெஞ்சு ஆட்சி முடிந்ததும் அவர் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே இன்னொரு குடும்பம் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எங்களுக்குத் தெரிந்தது. அம்மா தையல் மிஷினை மிதித்து அக்காவையும் என்னையும் வளர்த்தாள்.

1976-இல் ஒரு முறை வந்தார். பன்னிரண்டு நாள் இருந்தார். எனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு மாலை, பக்கத்து வீட்டுக்காரருக்காக நான் எழுதிய மனு ஒன்று திண்ணையில் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தார். "என் கை மாதிரியே இருக்கே" என்றார். எந்த அப்பாவும் பெருமையோடு சொல்லக்கூடியதுதான். நான் தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் தனியாகப் பேசவில்லை. 1983-இல் அவர் இறந்த செய்தியை அங்கே பிறந்த தம்பி ஒருவர் பிரெஞ்சில் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். அந்தக் கையெழுத்தும் அதே கை. நான் பதில் போடவில்லை.

'காலே 54' படத்தில் பெபோவும் சூச்சோவும் சேர்ந்து வாசிக்கும் காட்சி ஒன்று உண்டு. இரண்டு பியானோ, வேறு வாத்தியம் கிடையாது. எர்னெஸ்தோ லெக்குவோனா எழுதிய 'லா கொம்பார்சா' என்ற துண்டு. திருவிழா ஊர்வலம் ஒன்று தூரத்தில் கேட்கிறது, பக்கத்தில் வந்து பெருகுகிறது, பிறகு தெருவைத் தாண்டித் தேய்ந்து போகிறது. அப்பாவுக்கு எண்பது தாண்டியிருந்தது, மகனுக்கு அறுபதை நெருங்கும் வயது. கண்ணை மூடிக் கேட்டால் எது யாருடைய கை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் காட்சியைப் பார்த்து அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். அம்மாவின் கால் வீக்கம் எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பெபோ விட்டுவிட்டு வந்ததும் விட்டுவிட்டு வந்ததுதான், பியானோ எவ்வளவு இனிமையாக இருந்தாலும். ஆனால் அவர்களுக்குப் பதினெட்டு வருடம் கழித்து ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, எடுத்துக்கொண்டார்கள். 2008-இல் இருவரும் சேர்ந்து ஒரு தட்டும் வெளியிட்டார்கள். 'என்றென்றும் சேர்ந்து' என்று அதற்குப் பெயர். 2010-இல் அதற்கும் கிராமி பரிசு வந்தது. எனக்கும் திண்ணையில் ஒரு சந்தர்ப்பம் வந்தது. தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனவன் நான்தான்.

பெபோ கடைசிக் காலத்தில் மறதி நோயால் அவதிப்பட்டார். 2013 மார்ச் 22-ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் காலமானார். வயது 94.

போன மாதம் டிரங்குப் பெட்டியைக் குடைந்து அந்த 1983 கடிதத்தை எடுத்தேன். நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எழுதியவர் இருக்கிறாரோ இல்லையோ. அக்கா மகனிடம் விலாசத்தைக் கொடுத்து விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். "மாமா, ஈமெயில் கண்டுபிடிச்சா போதுமா?" என்று கேட்டான். வேண்டாம், தபால் விலாசமே வேண்டும் என்றேன். கையால்தான் எழுத வேண்டும்.

ஏதாவது தெரிந்தால் இங்கே எழுதுகிறேன்.