பொன்னிறம் ஏறாத தகடு

“சார்ஜ் நிக்கவே மாட்டேங்குதுண்ணே.” விளாத்திகுளத்தில் பேட்டரி பழுது பார்ப்பவரிடம் மின்ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள் சொல்வது இதுதான். அவர் பேக்கைத் திறந்து, லித்தியம்-அயனி செல்களைப் பிரித்து, ஒவ்வொன்றாகச் சோதனைக் கருவியில் மாட்டுவார். உறையில் 2500 மில்லியாம்பியர்-மணி என்றிருக்கும். கருவி 1700-இல் நின்றுவிடும். செல்லையே அறுத்துப் பார்க்க முடியாது. காற்றும் ஈரமும் பட்டால் தீப்பற்றக்கூடிய சரக்கு.

அதற்கு ஆர்கான் வாயு நிரப்பிய கையுறைப் பெட்டி வேண்டும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் போன்ற இடங்களில்தான் அது நடக்கும். செல்லுக்குள் சுருட்டி வைத்த தகடுகளை விரித்தால், எதிர்முனைத் தகட்டில் பூசிய நல்ல கிராஃபைட் முழு சார்ஜில் பொன்னாக மின்னும். பாதி இறங்கினால் செம்பு நிறம், மேலும் இறங்கினால் நீலம், காலியானால் பழைய கறுப்பு. ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் அடுக்குகளுக்கிடையே புகுந்துவிட்டால் வரும் நிறம் அந்தப் பொன். (ஊரைச் சுற்றி மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக்கருவேலங்கரியும் கார்பன்தான், அதில் இந்த ஒழுங்கான அடுக்கு கிடையாது.) தேய்ந்த செல்லில் எவ்வளவு ஏற்றினாலும் பொன்னிறம் முழுதாக ஏறுவதில்லை.

லித்தியம் எங்கே போனது? முதல் சார்ஜிலேயே மின்பகுளி சிதைந்து கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. 1979-இல் இஸ்ரேலின் இமானுவேல் பெலெட் விளக்கிய படலம் இது. இது இல்லாவிட்டால் கிராஃபைட் ஏடு ஏடாக உரிந்துவிடும். மின்பகுளியில் எத்திலீன் கார்பனேட் கலந்தால் உரியாது என்று கனடாவில் ஜெஃப் டான் குழுவினர் 1990-இல் காட்டினார்கள். ஆனால் இந்தக் காவலுக்குக் கூலியும் லித்தியம்தான். சார்ஜ் ஏறும்போது கிராஃபைட் சுமார் 10 சதவீதம் பருக்கிறது, இறங்கும்போது சுருங்குகிறது. படலம் வெடிக்கும், வெடிப்பை மூட இன்னும் கொஞ்சம் லித்தியம் செலவாகும்.

வெயில் இந்தச் செலவைக் கூட்டும். சித்திரையில் தகரக் கொட்டகைக்குள் முழு சார்ஜோடு நிற்கும் வண்டி ஓடாமலேயே தேயும். “ஓட்டவே இல்லையே!” என்று சண்டைக்கு வருபவர்களிடம் இதை விளக்குவதுதான் மெக்கானிக்குக்குப் பெரும்பாடு. குளிர்நாட்டு வியாதி வேறு: லித்தியம் உள்ளே புகாமல் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். இந்தக் கரிசல் காட்டில் அப்படியொரு குளிர் ஏது? ஆனால் அவசர சார்ஜ் இங்கேயும் அதே கெடுதியைச் செய்யலாம்.

அவர் உண்மையில் பயப்படுவது, மாசக்கணக்கில் சார்ஜ் போடாமல் கிடந்த பேக்கைப் பார்த்துத்தான். மின்னழுத்தம் அடிமட்டத்துக்குப் போனால் கிராஃபைட்டைத் தாங்கும் செம்புத் தகடே கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். “மிளகாய்க் காசு வந்ததும் புதுசு போட்டுக்கிறேன், இப்போதைக்கு உசுப்பிக் குடுங்க” என்று கெஞ்சினாலும், அந்தச் செல்லை மட்டும் அவர் சார்ஜரில் மாட்டுவதில்லை.