யாரை? யாருக்கு? – ஒரு ஜெர்மன் பாடம்



"ரிட்டயர் ஆன பிறகு எதுக்கு டீச்சர் ஜெர்மன்?" என்று பலர் போனில் கேட்டுவிட்டீர்கள். ஒரே பதில்தான். என் பேத்திக்கு நாலு வயது, பிறந்தது ஜெர்மனியில். கிண்டர்கார்ட்டன் போக ஆரம்பித்ததும் தமிழ் குறைந்துவிட்டது. வீடியோ காலில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் சொல்வாள், மகள் நடுவில் விளக்குவாள். பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் துபாஷி எதற்கு? எட்டு மாதமாகப் படிக்கிறேன்.

ஜெர்மன் படிக்கிறவர்கள் முதலில் மிரளுவது டேர், டீ, டாஸ் என்ற மூன்று சின்னச் சொற்களைப் பார்த்துத்தான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். ஆண்பாலுக்கு டேர், பெண்பாலுக்கு டீ, இரண்டும் அல்லாததற்கு டாஸ். நம் தமிழ் போலப் பொருளைப் பார்த்துப் பால் சொல்ல முடியாது. ஸ்பூன் ஆண், ஃபோர்க் பெண், கத்தி இரண்டும் இல்லை! இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

அடுத்த படி நமக்குத் தெரிந்த பாடம். வாக்கியத்தில் சொல்லின் வேலை மாறினால் 'டேர்' என்பது டேன், டேம், டெஸ் என்று மாறும். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று வகுப்பில் ஒப்பித்தீர்களே, அந்த வேற்றுமைதான். நாம் உருபைச் சொல்லின் வாலில் கட்டுகிறோம், அவர்கள் பெரும்பாலும் தலையில் கட்டுகிறார்கள்.

'நாய் மனிதனைக் கடிக்கிறது': டேர் ஹுண்ட் பைஸ்ட் டேன் மன். 'மனிதனை நாய் கடிக்கிறது' என்று திருப்பினாலும் கடிபடுவது மனிதன்தான், 'ஐ' காட்டிக்கொடுக்கும். ஜெர்மனிலும் 'டேன் மன் பைஸ்ட் டேர் ஹுண்ட்' என்று திருப்பலாம், 'டேன்' காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் திருப்பினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான்!

நமக்கு வேற்றுமை எட்டு, அவர்களுக்கு நாலு. நம் முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வேர், வேன், வேம், வெஸன் என்று கேள்வி கேட்டே சொல்லித் தருகிறார்கள். தமிழில் யார், யாரை, யாருக்கு, யாருடைய.

'யாரை' வரும்போது ஆண்பால் ஒருமை மட்டும்தான் மாறும்; டீயும் டாஸும் அப்படியே இருக்கும். 'யாருக்கு' வரும்போது டேரும் டாஸும் 'டேம்' ஆகும், பெண்பால் 'டீ' மட்டும் 'டேர்' ஆகிவிடும். பெண்ணுக்கு ஏன் ஆண்பால் சொல் என்று குழம்ப வேண்டாம். அங்கே 'டேர்' நம் 'கு' உருபின் வேலையைச் செய்கிறது.

ஒருநாள் பேத்தி ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டு "மியர் இஸ்ட் கல்ட்" என்றாள். மியர் என்றால் எனக்கு. 'எனக்குக் குளிருது' என்று நம் வீட்டுப் பேச்சையே பேசியிருக்கிறாள்! ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்க வேண்டும். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதற்கும் அங்கே மியர்தான். 'குழந்தைக்கு உதவுகிறேன்' என்பதிலும் நம்மைப் போலவே நான்காம் வேற்றுமை: இஹ் ஹெல்ஃப டேம் கிண்ட். மகள் விளக்காமலே எனக்குப் புரிந்த முதல் வாக்கியம் அந்தக் குளிர்தான்.

நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கும் என் மாணவிகளே, அட்டவணையைப் பார்த்துப் பயந்து பாதியில் விட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் வழியாகச் சுற்றாமல் தமிழ் வழியாகப் போங்கள். எல்லா இடத்திலும் பொருந்தாது. நாம் 'அவரிடம் கேட்டேன்' என்போம், அவர்களுக்கு அது 'அவரை'. நாம் 'அம்மாவுக்குப் போன் பண்ணினேன்' என்போம், அவர்களுக்கு 'அம்மாவை'. இப்படி வருபவற்றைத் தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். புதுச் சொல் எதையும் டேர், டீ, டாஸோடு சேர்த்தே எழுதுங்கள்.

சந்தேகம் வந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். எனக்கும் பயிற்சி ஆகும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்