கோலி சோடாவும் பாதிப் பேரும்

பழைய பாட்டில் சேர்க்கிறேன்னு சொன்னா ஹாஸ்டல்ல ஒரு மாதிரியா சிரிக்கிறாங்க. காலி பாட்டில்தான் மக்களே! அதுவும் மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்தது. இப்ப கட்டிலுக்கு அடியில 17 இருக்கு. ரூம்மேட் எனக்கு வச்சிருக்கிற பேரு 'காயலான் கடை'.

இதுல எனக்கு உயிர் கோலி சோடா பாட்டில்தான். அது நம்ம ஊர் சரக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உண்மையில ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1870-கள்ல பேட்டன்ட் வாங்கின டிசைன். அதுக்கு முன்னாடி சோடாவுக்குத் தக்கைதான். கேஸ் அழுத்தத்துல தக்கை பிச்சுக்கிட்டுப் போயிடும். மனுஷன் என்ன பண்ணினார்னா, அதே அழுத்தத்தையே காவலுக்கு வச்சுட்டார். உள்ள இருக்கிற கேஸ் கோலியை மேல தள்ளி, வாயில இருக்கிற ரப்பர் வளையத்தோட ஒட்ட வச்சிடும். எவ்வளவு முட்டுதோ அவ்வளவு இறுக்கம். (யோசிச்சுப் பாருங்க, செம மூளை!) இங்கிலாந்துல இது எப்பவோ வழக்கொழிஞ்சு போச்சு. ஜப்பான்ல ராமுனேங்கிற பேருல இன்னும் ஓடுது. நம்மகிட்டயும் ஓடுது. பழசு அதிகம் மிஞ்சாததுக்குக் காரணம் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்: பசங்க கோலிக்காக உடைச்சுடுவாங்க. நம்ம ஊர்ல கூட்டத்துல வீசி உடைச்ச கணக்கு தனி :-)

சரி, தோண்டுற கதைக்கு வர்றேன். போன மே லீவுல விருதுநகர் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். பின்னாடி மாட்டுக்கொட்டகைகிட்ட செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டிட்டிருந்தாங்க. அந்த இடம் ஒரு காலத்துல குப்பைக்குழி. மேல ஒரு அடிக்கு வெறும் பிளாஸ்டிக் கவர், ஷாம்பு பாக்கெட். அது நம்ம காலம். அதுக்குக் கீழ சாம்பல், சிரட்டை, ஓட்டுத்துண்டு. சாம்பல் வந்துட்டா கடப்பாரையைத் தூரப் போட்டுட்டு கையால அள்ளணும். (இது சொந்த வீட்டுக் கொல்லை. கோயில், கோட்டைன்னு எங்கயாவது கிளம்பிடாதீங்க. 1878-லேயே புதையல் சட்டம் போட்டிருக்காங்க, பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம்னா கலெக்டருக்குச் சொல்லணும்!)

முதல்ல ரெண்டு மருந்து பாட்டில் வந்துச்சு. பழைய பாட்டிலைக் கையில எடுத்தா முதல்ல பக்கவாட்டுல ஓடுற அச்சுக்கோட்டைப் பாருங்க. கோடு கழுத்தோட நின்னுட்டா வாயைக் கையால முடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். உதடு வரைக்கும் ஏறிப்போனா மெஷின் பாட்டில். அந்த மெஷினே 1903-லதான் அமெரிக்காவுல வந்துச்சு. ஆனா நம்ம நாட்டுல வாயால ஊதிச் செய்யறது ரொம்ப காலம் நடந்ததால, இதை மட்டும் வச்சு வருஷம் சொல்லிட முடியாது. அப்புறம், மேல வானவில் மாதிரி மினுமினுப்பு இருந்தா அதைத் தேய்க்காதீங்க. அது அழுக்கு இல்ல. மண்ணு ஈரத்துல கண்ணாடியே ஏடு ஏடா மாறியிருக்கு. லேசான பச்சை நிறம் மணல்ல இருக்கிற இரும்பால வர்றது.

மூணாவதா வந்ததுதான் கோலி சோடா. கழுத்து முழுசா இருக்கு, கோலியும் உள்ளேயே உருளுது. வயித்துப் பக்கம் மட்டும் ஒரு சில்லு தெறிச்சிருக்கு. முறிவு பளிச்னு புதுசா இருந்துச்சு, கடப்பாரை பட்டிருக்கணும். எழுத்து கண்ணாடியிலேயே புடைச்சிருக்கு. கீழே எங்க ஊர் பேரு, மேலே "...சாமி". முன்பாதி போன சில்லுல இருக்கு.

எங்க ஊர்ல பாதிப் பேர் சாமிதான்! முத்துச்சாமியா, கந்தசாமியா, யாருன்னு கண்டுபிடிக்கிறது? காளிமார்க் 1916-ல விருதுநகர்ல ஆரம்பிச்சது, அதைப் பத்தி எழுத ஆள் இருக்கு. ஆனா பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒத்தை மெஷினை வச்சு சோடா போட்ட மனுஷனுக்கு இந்தப் பாட்டில் மட்டும்தான் சாட்சி. மேஸ்திரிகிட்ட கேட்டா, "தம்பி, திங்கக்கிழமை கான்கிரீட்"னுட்டார். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வெட்டிப்போட்ட மண்ணை ஜல்லி சலிக்கிற சல்லடையில போட்டுச் சலிச்சேன். ஆணி, பீங்கான், யாரோ தொலைச்ச வளையல் துண்டு எல்லாம் கிடைச்சது. சில்லு கிடைக்கல. திங்கக்கிழமை கான்கிரீட் போட்டாச்சு.

சின்னத்தாத்தாவுக்கு 84 வயசு. பாட்டிலைக் கையில கொடுத்ததும் கட்டைவிரலை வச்சு கோலியை அமுக்கிப் பார்த்தார். மெஷின் நல்லா ஞாபகம் இருக்காம். பாட்டிலைப் பெட்டிக்குள்ள வச்சுக் கையால சுத்துவாங்களாம், எப்பவாவது டமார்னு வெடிக்குமாம், அதனால பசங்களைக் கிட்ட விடமாட்டாங்களாம். பன்னீர் சோடா ரெண்டணாவாம். "ஆளு கண்ணுக்குள்ளயே நிக்கிறாருடா, பேருதான் வரமாட்டேங்குது"ன்னார். ஃப்ரெண்ட்ஸ் இது எவ்வளவுக்குப் போகும்னு கேக்கிறாங்க. உடைஞ்சது, காயலான் கடையில கிலோ கணக்குலதான் எடுப்பான். நான் கொடுக்கிறதா இல்ல.

நேத்து ராத்திரி பத்து மணிக்கு சின்னத்தாத்தா போன். "டே, கருப்பசாமின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்ல, அவரு இல்லடா. அவரு டீக்கடை. இரு, யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்."