கோதுமை இல்லாத பிஸ்கட்டும் ஒரு புனே மழையும்

புனேயில் ஜூலை மாத மழை நம்ம ஊர் மழை மாதிரி அடித்துப் பெய்துவிட்டு ஓய்கிற ரகம் இல்லை. நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். போன சனிக்கிழமையும் அப்படித்தான். ரங்கமணி டூரில். நானும் பொண்ணும் மட்டும் வீட்டில்.

இந்த மழைக்கு இந்த ஊர்க்காரர்களுக்கு இஞ்சி டீயும் ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டும் இருந்தால் போதும். 1955-ல் ஆரம்பித்த கயானி பேக்கரியின் ஷ்ரூஸ்பரிக்கு வரிசையில் நிற்பார்கள். எதிர் ஃப்ளாட் பிள்ளைகள் அதில் ஒரு பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காரிடாரில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கூட ஆடிக்கொண்டிருந்த என் பொண்ணு பாதியில் எழுந்து வந்தாள்.

"எனக்குப் பசிக்கலைன்னு சொல்லிட்டேம்மா."

ஏழு வயசு. பொய் சொன்னாள் என்று கோபப்படவா முடியும்?

அவளுக்கு சீலியாக். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் இருக்கும் குளூட்டன் உள்ளே போனால், அவள் உடம்பே அவள் சிறுகுடலைத் தாக்கும். மருந்து கிடையாது. ஆயுசுக்கும் சாப்பிடாமல் இருப்பதுதான் வைத்தியம். சப்பாத்தியை நிறுத்திய பிறகும் மூன்று மாசம் வயிற்றுவலி போகவில்லை. கடைசியில் பார்த்தால் வில்லன் பெருங்காயம்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்ப்பார்கள். அம்மா கும்பகோணத்திலிருந்து ஆசை ஆசையாக அனுப்பிய சாம்பார் பொடியில் அது இருந்தது. ஃபோனில் சொன்னதும் அம்மா அழுதுவிட்டாள். "நானே பேத்திக்கு விஷம் வெச்சுட்டேனேடி..." என்றவளைத் தேற்ற ரொம்ப நேரம் ஆயிற்று.

இதற்குக் காரணம் கோதுமைதான் என்று நிறுவியவர் வில்லெம் டிக்கே என்கிற டச்சு குழந்தை மருத்துவர். அவருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம், ரொட்டி கிடையாது. ஊரே வாடியபோது இந்த நோய் இருந்த குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். ஊர் பட்டினியில் ஒரு குழந்தை பிழைத்தது என்றால் அந்த அம்மா என்ன நினைத்திருப்பாள் என்று அடிக்கடி யோசிப்பேன்.

சரி, பிஸ்கட்டுக்கு வருகிறேன். "நாமே பண்ணலாமா?" என்றதும் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறிவிட்டாள்.

கேழ்வரகு இங்கே நாச்னி என்ற பெயரில் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஆனால் மில்லில் அரைக்கக் கூடாது. நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருப்பார்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று லேபிள் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மில் கல்லில் ஒட்டியிருப்பதே அதைத் தாண்டிவிடும். அதனால் கேழ்வரகைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் அரைத்து, இரண்டு தடவை சலித்து வைத்திருந்தேன்.

கேழ்வரகு மாவு ஒரு கப், அரிசி மாவு அரை கப், பாதாம் பொடி கால் கப், நெய் அரை கப், பொடித்த சர்க்கரை அரை கப், அரை ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. முதல் தட்டு அவனிலிருந்து வந்தது. தொட்டால் மணல்! மாவை இழுத்துப் பிடிப்பதே குளூட்டன்தானே. அது இல்லாத இடத்தில் வேறு எதையாவது வைக்க வேண்டும்.

மீதி மாவில் ஒரு ஸ்பூன் இசப்கோலும் மூன்று ஸ்பூன் பாலும் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்தேன். ஈரத்தை இழுத்துக்கொண்டு மாவு ஒட்டிக்கொண்டது. 160 டிகிரியில் 18 நிமிஷம். சூட்டில் தொடாதே, ஆறினால்தான் இறுகும் என்று அவளைப் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடு. மழைக் காற்றில் நமுத்துப் போகும் என்பதால் ஆறியதும் எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினேன்.

மூடி முடிப்பதற்குள் டப்பாவைக் காணோம். காரிடாரில் எட்டிப் பார்த்தேன். வரிசையாக நாலு பிள்ளைகளை நிற்கவைத்து அதட்டிக்கொண்டிருந்தாள்: "பெஹ்லே ஹாத் தோ கே ஆவோ!" அவர்கள் கையில் ஷ்ரூஸ்பரி துகள் இருக்கும், டப்பாவுக்குள் கைவிட்டால் அவளுக்கு ஆகாது. நான் சொல்லித் தரவில்லை.

எல்லோரும் எங்கள் வாஷ்பேசினில் கை கழுவிவிட்டு வந்தார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தாள். கடைசிப் பொடியன் தயங்கி, தனக்குப் பசிக்கவில்லை என்றான்.

"பொய்தானே?" என்று சிரித்துவிட்டு அவனுக்கு மட்டும் இரண்டு கொடுத்தாள்.